ராணுவத்தை அழைக்கும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஆசிரியருக்கு,

வெள்ளம் சூழ்ந்ததும் 'ராணுவத்தைக் கூப்பிடுங்கள்' என்ற குரல் எழும்பிவிடுகிறது. கூப்பிட்டால் வருவார்கள். எதற்கு வரவேண்டும் என்று எழுதுவதில்தான் மாவட்ட நிர்வாகங்கள் தடுமாறுகின்றன.

'இருநூறு வீரர்கள் தேவை' என்று ஆட்கணக்கு கேட்பது வீண். இன்ன ஊரில் இத்தனை பேர் மொட்டைமாடியில் இருக்கிறார்கள், தண்ணீர் மார்பளவு, இழுப்பு உண்டு, லாரி இன்ன பாலம் வரைதான் போகும் என்று எழுதினால், எத்தனை ஆள், எத்தனை படகு என்பதைப் படை அதிகாரி முடிவு செய்துகொள்வார். பேரிடரில் பொறுப்பு கடைசிவரை ஆட்சியருடையதே. ராணுவ அதிகாரி தம் ஆட்களுக்கு மட்டுமே உத்தரவிடுவார். தாசில்தாருக்கோ காவல் ஆய்வாளருக்கோ அல்ல. படையின் ரேடியோவும் போலீஸ் வயர்லெஸும் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே 1077 என்ற எண்ணில் இயங்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் படையின் தொடர்பு அதிகாரி ஒருவரும், களத்தில் ஒவ்வொரு குழுவோடும் ஏரிக்கரை, ஓடை, கிணறு தெரிந்த கிராம உதவியாளர் ஒருவரும் இருக்க வேண்டும். வெள்ளம் மூடிய தரைக்கிணறு வெளியூர்ப் படகோட்டிக்குத் தெரியாது.

எரிபொருளில் நடக்கும் தவறையும் சொல்லவேண்டும். படகில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். 50க்கு 1 கலவை கேட்கும் மோட்டார் என்றால் 20 லிட்டருக்கு 400 மி.லி. ஆயில். அவசரத்தில் பெட்ரோல் கேன்கள் வந்து சேர்கின்றன, ஆயில் வருவதில்லை. ஆகாயத்தாமரையும் மிதந்து வரும் சேலையும் மோட்டாரின் விசிறியில் சுற்றினால், பல மோட்டார்களில் அதைக் காக்கும் சிறு உலோக ஊசி (ஷியர் பின்) முறியும். படகுக்கு நாலைந்து உபரி ஊசியும் ஒரு கத்தியும் இருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் படகு அன்றைக்குக் கரையில்தான்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து, சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்குப் போகும் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவினர் ஆகஸ்ட் 1 மாலைக்குள் 24 டன் தாங்கும் 190 அடி பெய்லி பாலம் (ஆயத்த இரும்புப் பேனல்களைப் பூட்டி அமைப்பது) கட்டினார்கள். வேகத்தைப் பாராட்டினோம், சரி. வேலை என்னவென்று பாருங்கள். ஒரு பேனல் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ, தூக்க ஆறு பேர். 190 அடிக்கு ஒரு வரிசையிலேயே 19 பேனல்; இடைவெளி நீள நீள வரிசையை இரட்டிப்பாக்கியே தீரவேண்டும். இக்கரையில் பூட்டி, உருளைகள்மேல் அக்கரைக்குத் தள்ளுவதால் பின்னால் நீண்ட வெற்றிடம் வேண்டும். சூரல்மலையில் அந்த இடத்தில் வேரோடு சாய்ந்த மரங்கள் கிடந்தன. இப்படி இடம் ஒழித்து, கரையைக் கெட்டிப்படுத்தி, லாரி திரும்ப வழிவிட ஜேசிபிகளை நிறுத்துவது மாவட்ட நிர்வாகம் செய்து தரவேண்டிய வேலை. படை வந்து இறங்கிய பிறகு ஜேசிபி தேடினால் அரை நாள் போய்விடும்.

வயநாட்டுக்குக் கோழிக்கோட்டிலிருந்து விரைந்தவர்களில் பிராந்திய ராணுவத்தின் (டெரிடோரியல் ஆர்மி; வேறு வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படையில் இருப்பவர்கள்) 122-ஆவது பட்டாலியனும் உண்டு. (நடிகர் மோகன்லால் அதில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் என்பதால்தான் பலருக்கு அப்பெயரே தெரியும்.) கோயம்புத்தூரில் 110-ஆவது பட்டாலியன் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுப் பிராந்திய ராணுவச் சட்டப்படி இவர்களைச் சிவில் நிர்வாகத்துக்கு உதவியாக அழைக்கலாம். அழைக்கப்பட்டவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும் கடமை முதலாளிக்கு உண்டு என்கிறது அச்சட்டத்தின் 7ஏ பிரிவு.

ஆனால் இவர்கள் முகாமில் காத்திருப்பவர்கள் அல்ல. பல பட்டாலியன்கள் ஆண்டுக்கணக்கில் எல்லை மாநிலங்களில் பணியில் இருக்கின்றன. ஊரில் இருப்பவருக்கோ வேறு வேலை உண்டு. அவர் மின்வாரியக் கம்பியாளராகவோ பேருந்து ஓட்டுநராகவோ இருந்தால், சீருடையில் அழைக்கும் அதே நேரத்தில் அந்த வேலைக்கு ஆள் குறையும். திட்ட ஏட்டில் ஒரே மனிதரை இரண்டு இடத்தில் எண்ணிவிட்டு, வெள்ளத்தன்று இரண்டிலும் தேடுகிறோம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கினர். சாலை அறுந்துவிட்டால் வெளியிலிருந்து வரும் படைக்கும் நேரம் பிடிக்கும். அதுவரை கைகொடுக்கக்கூடியவர்கள் உள்ளூர் முன்னாள் படைவீரர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இவர்கள் விவரம் இருக்கிறது. அதிலிருந்து படகு மோட்டார், ரேடியோ, முதலுதவி, பாலம் தெரிந்தவர்களை வட்டவாரியாகப் பிரித்து, வயது, உடல்தகுதி, இப்போதைய வேலை மூன்றையும் சரிபார்த்த பட்டியல் ஒன்று ஒவ்வொரு செப்டம்பரிலும், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆட்சியர் மேசைக்குப் போகவேண்டும். இரட்டைப் பதிவுகளைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு.

முன்னாள் படைவீரர்கள் சிலர்,
வேலூர்.