வாலை வடிநீரில் ஒளிர்ந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்நிலைகளில் கலந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் எச்சங்களை நானோ இழை கொண்டு கண்டறிவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இழையைத் தண்ணீரில் நனைத்தாலே ஒளிர்ந்து விடை சொல்லிவிடும் என்பதுபோல் முடித்திருப்பது உறுத்துகிறது.

ஆற்று நீரில் சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபாமெத்தாக்சசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். 100 கோடி லிட்டரில் 1 கிராமைக் கரைத்தால் கிடைப்பது லிட்டருக்கு 1 நானோகிராம். மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி எவ்வளவு நுட்பமானதானாலும், மருந்தை முதலில் திரட்டித்தான் அதற்குக் கொடுக்கிறோம். அதற்காக அரை லிட்டர், ஒரு லிட்டர் நீரை, மருந்தைப் பிடித்துவைக்கும் சின்ன கார்ட்ரிட்ஜ் ஒன்றின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குவோம். மழைக்காலத்துக் கலங்கல் நீர் என்றால், வடிகட்டிய பிறகும் பாதியில் அடைத்துக்கொள்ளும். அன்றைய பொழுது போச்சு!

நானோ இழை கைகொடுப்பது இங்கேதான். பாலிமர் கரைசலுக்கு ஊசிமுனையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்து இழுத்து நூற்ற இழை அது. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால், இது சில நூறுதான். விரிப்பாகக் கையில் எடுத்தால் முட்டை ஓட்டின் உட்சவ்வு மாதிரி இருக்கும். பரப்பு மிக அதிகம் என்பதால் சில மில்லிகிராம் விரிப்பை நீரில் போட்டுக் கலக்கினாலே மருந்து வந்து ஒட்டும். பிறகு கொஞ்சம் கரைப்பானில் கழுவி எடுத்துவிடலாம்.

ஒளிரும் இழை வேறு கதை. யூரோப்பியம் என்ற உலோகம் சேர்த்த இழையில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பட்டால், புற ஊதா விளக்கின் கீழ் சிவப்பாக ஒளிரும். பார்க்க அழகுதான். ஆனால் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டரில்) மருந்தைக் கலந்து பார்ப்பதும் குளத்து நீரில் தேடுவதும் ஒன்றல்ல. கடின நீரில் டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் பிணைந்துவிடும் (இந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்). இலைதழை மட்கி வரும் ஹ்யூமிக் அமிலம் இழையில் தானும் இடம் பிடிக்கும், ஒளிர்வையும் மங்கவைக்கும். ஆக, ஒளிரவில்லை என்றால் மருந்து இல்லை என்று ஆகிவிடாது. நான் பயப்படுவது இந்தப் பொய்யான ‘இல்லை’க்குத்தான்.

எனவே இத்தகைய செய்திகளில் ‘இவ்வளவு குறைந்த அளவையும் காட்டும்’ என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்த வேண்டாம். எந்த நீரில் சோதித்தார்கள், அறிந்தே கலந்த மருந்தில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது, பத்தாவது முறையும் அதே விரிப்பு வேலை செய்ததா என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், பிடிப்பதற்கு இழை, அளப்பதற்குக் கருவி என்பதே இப்போதைக்குச் சரி. விரிப்பைக் கூண்டில் வைத்துச் சில நாள் ஆற்றில் கட்டிவிட்டு எடுத்தால், இடையில் ஒருநாள் வந்துபோகும் கழிவும் அதில் பதிந்திருக்கும். ஐஸ் பெட்டியில் பாட்டில் பாட்டிலாகச் சுமக்கும் வேலையும் குறையும். அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்