மணிமுடி

காந்தி நகர், காட்பாடி
ஞாயிறு இரவு

டேய் மூர்த்தி,

பொங்கலுக்கு எழுதியதுதான் கடைசி. கோபமா என்று ரவியிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன 2010 மாடல் ஹைபிரிட் வண்டி, அதுதான் பெட்ரோலிலும் பெரிய பேட்டரியிலும் சேர்ந்து ஓடுமே, அது படுத்துவிட்டது. சொன்னால் நீ வருத்தப்படுவாய், சொல்லாமல் ஊர்க்கதை எழுதினால் எனக்கு உறுத்தும். அதனால் எதையுமே எழுதவில்லை. இப்போது சொல்லியே ஆக வேண்டும், ஏன் என்று போகப்போகத் தெரியும்.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கல்லூரி முடிந்தது. பேரீச்சம்பழம் வந்தது, வந்த அன்றே தீர்ந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம், அதன் பக்கத்தில் என்ஜின் விளக்கு, நடுவில் ஹைபிரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொல்லி எழுத்து. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது. முதலில் டிக்கி மூலையில் இருக்குமே, அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். அது இறங்கினால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் ஜுரம் வந்த மாதிரி உளறும், இல்லாத கோளாறையெல்லாம் சொல்லும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டி ஆஃபில் 12.5, ஓடத் தயாராக 'ரெடி'யில் 14. அது நிரபராதி.

பைபாஸில் ஒருவன் உள்ளங்கை அளவு ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பி0ஏ80 என்று ஒரு கோளாறுக் குறியீட்டைச் சொன்னான். "அழிச்சிட்டா போச்சு சார்" என்று அழித்தும் விட்டான். விளக்கெல்லாம் அணைந்தது. நானும் பல்லிளித்துக்கொண்டு இருநூறு ரூபாய் கொடுத்தேன். பாலிடெக்னிக் லேபில் பியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டை ஜரிகையைச் சுற்றியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அழித்தால் குறியீடு மட்டும் போவதில்லை. கோளாறு வந்த நொடியில் பெரிய பேட்டரியின் சூடு எவ்வளவு, வோல்ட் எவ்வளவு என்று வண்டி எழுதி வைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். காசு கொடுத்து சாட்சியைக் கொன்றேன்.

மூன்று நாள் ஒரு விளக்கும் எரியவில்லை. நாலாம் நாள் உன் அம்மாவை மாதாந்திரச் செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கத்திரி வெயில், பகல் பதினொன்றரை, கிரீன் சர்க்கிளில் நெரிசல். பின் சீட்டுப் பக்கமிருந்து ஹேர் டிரையர் போல ஒரு சத்தம், அப்புறம் மறுபடியும் முக்கோணம், வண்டிக்கு இழுவையே இல்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே திட்டுகிறான். எப்படியோ ஓரம் கட்டி அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஆட்டோவிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

சென்னை ஷோரூமில் கேட்டால், பி0ஏ80 என்றாலே பேட்டரியை மாற்றுவதுதான் சார் என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தக் குறியீட்டின் அதிகாரப்பூர்வப் பெயரே 'ஹைபிரிட் பேட்டரி பேக்கை மாற்று' என்பதுதான். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! விலையோ, நீ எனக்கு வண்டி கொடுத்த விலையைவிட அதிகம்.

வாலாஜா மெக்கானிக் ஜாபர் பாய்தான் கைகொடுத்தார். அவருடைய ஸ்கேனர் பேட்டரிக்கென்று இருக்கும் கம்ப்யூட்டரோடும் பேசும். பி0ஏ80-க்குத் துணையாக பி3016 உட்கார்ந்திருந்தது. பேக்கில் 168 செல். ஆறாறாகச் சேர்த்து 28 மாட்யூல், இரண்டிரண்டாக 14 பிளாக். கம்ப்யூட்டர் இந்தப் பதினாலின் வோல்ட்டைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடும். பி3011 முதல் பிளாக், எண்ணிப் பார், 3016 ஆறாவது. லோடு கொடுத்தால் மற்றதெல்லாம் ஒன்றாக இறங்க, ஆறாவது மட்டும் 1.2 வோல்ட் பள்ளத்தில் கிடந்தது. 1.2 என்றால் ஒரு செல். 168-இல் ஒன்று செத்ததற்கு மொத்தத்தையும் எரிக்கச் சொல்கிறார்கள்.

சரி, அது ஏன் செத்தது? புதிய ஃப்ரீஸ் ஃப்ரேமில் நடு சென்சார் 56 டிகிரி காட்டியது. நடுவிலிருக்கும் மாட்யூல்களுக்குத்தான் சூடு வெளியேற வழி குறைவு. வேலூர் வெயில்தான் என்றேன். பாய் தலையாட்டவில்லை.

உன் வீட்டுப் போர்டிகோ நிழலில்தான் பிரித்தோம். 201 வோல்ட் டிசி, விளையாட்டில்லை. ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் மாட்டிவிடக்கூடாதாம். இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் வடியப் பத்து நிமிடம். அம்மா போட்ட காபி அதற்குச் சரியாக இருந்தது. பிளக்கை எடுத்தாலும் பேக்குக்குள் கரண்டு இருக்கும், அதனால் ரப்பர் கையுறையைக் கடைசிவரை கழற்றவில்லை. 11-ஆவது மாட்யூல் 7.8 வோல்ட், 12-ஆவது 6.6. செம்புப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

அப்புறம் பேட்டரிக்குக் காற்று ஊதும் விசிறியைக் கழற்றினார். பின் சீட்டு ஓரத்தில் ஒரு சல்லடை இருக்குமே, அது வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறது. விசிறியின் பற்களுக்கு நடுவே கம்பளி நெய்த மாதிரி முடி. பழுப்பு முடி, நுனியில் வெள்ளை. பாய் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. காபி டம்ளர் எடுக்க வந்த அம்மா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "டேய், இது நம்ம மணி முடிடா" என்றார்.

வருஷக்கணக்கில் நாயைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஏலகிரி, அமிர்தி என்று சுற்றினாயே, அதன் பலன். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று மஸ்கட்டில் இன்னும் நம் ஊரைக் கிண்டல் செய்கிறாயாமே? ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குத் திரும்பிவிட்டார். ராஜாவும் வர வேண்டியதுதான், மணிமுடி கிடைத்துவிட்டது.

புதுப்பேட்டையில் பழைய மாட்யூல் ஒன்று வாங்கி, 28-ஐயும் ஒரு நாள் முழுக்க ஒன்றாக இணைத்துச் சமப்படுத்தி மாட்டினோம். ஓடுகிறது. மற்ற 27-க்கும் அதே வயசு, இது ஒட்டுப் போட்ட டியூப் என்று பாய் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இப்போது முக்கிய விஷயம். அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு பிரஷர் 180. இரண்டு மாதமாக மாத்திரையே போடவில்லையாம். "தலைசுத்தல் நின்னுடுச்சு, அப்புறம் எதுக்கு?" என்கிறார். பைபாஸ்காரனிடம் நான் செய்துகொண்டதும் அதேதான், அதனால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. இப்போது போடுகிறார், போன வாரம் 140. வேளைக்கொரு அறை வைத்த டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நீ தினமும் ஒருமுறை கூப்பிடு. மாத்திரை போட்டாயா என்று கேட்காதே, போட்டேன் என்பார். டப்பாவில் இன்னும் எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்று கேள். நான் சொன்னதாகத் தெரிந்தால் அந்த வீட்டில் எனக்குக் காபி கிடையாது.

அந்த முடியைக் குப்பையில் போடப் போனேன். அம்மா வாங்கி ஒரு காகிதத்தில் மடித்து உன் பழைய மேஜை டிராயரில் வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
சிகரெட் ஜரிகை