36 படத்தில் ஒன்று போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனக் கலைஞர் சோங் டோங் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் கூடப் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஆத்துல உக்காந்து துணி துவைக்கிறாரா?" என்று கேட்டாள் என் மனைவி. அவளைக் குறை சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் போட்டால் அப்படித்தான் தெரியும்.

1996-இல் திபெத்தில், லாசா ஆற்றுக்குள் உட்கார்ந்து சோங் டோங் செய்துகாட்டிய கலை நிகழ்வு அது. கையில் பெரிய மர முத்திரை. அதில் செதுக்கியிருப்பது 'நீர்' என்பதற்கான சீன எழுத்து. அதைத் தூக்கித் தூக்கி ஆற்றின்மேல் குத்துகிறார். மொத்தம் 36 புகைப்படங்கள். தூக்குகிறார், குத்துகிறார், தண்ணீர் தெறிக்கிறது, எழுத்து விழவில்லை, சரி, மறுபடி தூக்குகிறார். வரிசையாகப் பார்த்தால்தான் அந்தக் குறும்பு பிடிபடும்.

நான் 31 வருஷம் அரசு அலுவலகத்தில் முத்திரை குத்தியவன். ஸ்டாம்ப் பேடு காய்ந்துபோனால் ரப்பர் முத்திரையில் 'ஹா' என்று ஊதி அழுத்துவோம். மங்கலாக ஏதோ விழும், கோப்பு நகர்ந்துவிடும். குத்தியது பதியாவிட்டால் எனக்கு இன்றைக்கும் கை பதறும். இவர் பதியாது என்று தெரிந்தே குத்துகிறார்!

புகைப்படங்கள் 'வெறும் பதிவு' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஒரே அச்சைத் திரும்பத் திரும்ப விழ வைப்பது முத்திரையின் வேலை. ஆறு அதற்கு இடம் கொடுக்கவில்லை, பிலிம் கொடுத்தது. எழுத்துக்குப் பதில் தெறித்த தண்ணீர் தாளில் பதிந்திருக்கிறது, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். 1995 முதல் அவர் தூரிகையைத் தண்ணீரில் தொட்டுக் கல்லில் எழுதிவரும் நாட்குறிப்பையும் 'நீர்மேல் எழுத்து' என்றே குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆற்றில் செய்தது நீர்மேல் எழுத்து. கல்லில் எழுதுவது நீரால் எழுத்து. தாளும் மையும் மிச்சமாகட்டும் என்று சிறுவயதில் அப்பா காட்டிக்கொடுத்த வழியாம் அது. காயும்வரை நிற்கும், எழுதியவர் ஒருமுறை படித்துக்கொள்ளலாம். சிலேட்டில் எச்சில் தொட்டு எழுதி, காய்வதற்குள் பக்கத்துப் பையனுக்குக் காட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்த இதழில் 36 படங்களையும் போடுங்கள். தபால்தலை அளவில், வரிசைக்கு ஆறாகப் போட்டாலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இடமில்லை என்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம்.

- ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
விருத்தாசலம்.