முழு மறைப்பு ஏன் நம் பக்கம் வரவில்லை?

மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. சூரிய கிரகணங்களில், 2010-இல் தனுஷ்கோடியில் நீ பார்த்ததும் நடுப்பகுதி மட்டும் மறைந்து விளிம்பு மிஞ்சும் வளையம், 2019-இல் திண்டுக்கல்லில் நான் பார்த்ததும் வளையம், 2031 மே 21 அன்று மதுரைக்கு வரப்போவதும் வளையம்; சூரியன் முழுவதும் மறைந்து பகலே இருண்டுபோகும் கிரகணம் மட்டும் ஏன் நம் பக்கம் வருவதில்லை என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப் போலச் சுமார் 400 மடங்கு. நம்மிடமிருந்து அதன் தொலைவும் ஏறத்தாழ அதே 400 மடங்கு. ஆகவேதான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் சந்திரன் நீள்வட்டத்தில் சுற்றுவதால் அதன் தொலைவு சுமார் 3,56,000 கிலோமீட்டரிலிருந்து 4,07,000 கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கிறது. சந்திரனுக்குப் பின்னால் கூம்பாகக் குறுகிச் செல்லும், சூரியன் முழுவதும் மறைந்திருக்கும் கருநிழலின் சராசரி நீளமோ சுமார் 3,74,000 கிலோமீட்டர்தான். சந்திரன் அருகில் இருக்கும்போது அந்தக் கூம்பின் நுனி பூமியைத் தொடுகிறது. தொட்ட குறுகிய பாதையில் இருப்பவர்களுக்கு முழு கிரகணம். தொலைவில் இருந்தால் நுனி பூமியை எட்டாமலே முடிந்துவிடுகிறது. அதற்கு நேர் கீழே நிற்பவர்களுக்குச் சூரியனின் விளிம்பு வளையமாக மிஞ்சுகிறது. இருவகைப் பாதைக்கும் வெளியே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த, சூரியன் ஓரளவே மறையும் புறநிழலில் இருப்பவர்கள் பகுதி கிரகணத்தையே காண்கிறார்கள். நிழலின் சராசரி நீளம் சந்திரனின் சராசரித் தொலைவைவிடக் குறைவு என்பதால், உலக அளவிலும் முழு கிரகணங்களைவிட வளைய கிரகணங்களே சற்று அதிகம்.

நீ பார்த்த 2010 ஜனவரி 15 கிரகணம் இதற்குச் சிறந்த சான்று. சந்திரன் தன் மிகத் தொலைவான நிலையை அடைய இரண்டு நாளே இருந்தது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்திருந்தது. சிறுத்த சந்திரனும் பெருத்த சூரியனும் சேர்ந்ததால்தான் தனுஷ்கோடியில் சுமார் பத்து நிமிடம் தடித்த வளையம் நின்றது. கடலின் மேல் அது உச்ச அளவாக 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இந்த ஆயிரமாண்டில் இதைவிட நீண்ட வளைய கிரகணம் கிடையாது. 2019 டிசம்பர் 26 அன்று நான் கண்டது மூன்று நிமிட அளவில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் புங்கமரத்தடியில் கண்டதை இன்றும் மறக்க முடியவில்லை: இலை இடுக்குகளின் வழியே விழுந்த ஒவ்வோர் ஒளிப்பொட்டும் தரையில் பிறையாக மெலிந்து, பிறகு நூற்றுக்கணக்கான வளையங்களாக மாறியது.

கலப்பு கிரகணம் என்று அரிதான நான்காவது வகையும் உண்டு. பூமி உருண்டை என்பதால், பாதையின் நடுப்பகுதி அதன் இரு முனைகளைவிடச் சந்திரனுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் அருகில் அமைகிறது. கருநிழலின் நுனி அங்கே மட்டும் தரையைத் தொட்டால், ஒரே கிரகணம் சில இடங்களில் வளையமாகவும் சில இடங்களில் முழுமையாகவும் தெரியும். 2023 ஏப்ரல் 20 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் முழுமையாகத் தெரிந்தது அப்படிப்பட்டதே.

அமாவாசைதோறும் கிரகணம் வராததற்குக் காரணம், சந்திரனின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதுதான். இரண்டும் வெட்டும் புள்ளிகளைத்தான் நம் பஞ்சாங்கக் கணிதம் ராகு, கேது என்று வைத்து, கிரகணங்களைக் கணித்துவந்தது. அந்தக் கணக்கின் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

இனி, உன் ஆதங்கத்துக்கு வருகிறேன். முழு கிரகணம் நம் பக்கம் வராமல் இல்லை; நம் காலத்தில் வரவில்லை, அவ்வளவுதான். ஓர் ஊருக்கு அது மீண்டும் வர, சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழு கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியனின் தீச்சுடர்களை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் ஆராய்ந்தார். ஹீலியம் என்ற தனிமத்தைச் சூரியனில் கண்டறிந்த வரலாறு அந்த ஆண்டின் ஆய்வுகளிலிருந்தே தொடங்குகிறது. 1871 டிசம்பர் 12 அன்று நிழல் உதகமண்டலம், புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணத்தைக் கடந்தது. ஜான்சென் அதற்காக நீலகிரிக்கே வந்தார். அன்று புதுக்கோட்டையில் வயலில் நின்றிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன்.

நாம் காண வேண்டுமானால் பயணம் போகத்தான் வேண்டும். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் பகுதியில் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழு மறைப்பு. உடம்பு இடங்கொடுத்தால் சேர்ந்தே போகலாமா என்று யோசித்து எழுது. 2034 மார்ச் 20 அன்று நிழல் லடாக், காஷ்மீர்ப் பகுதியைத் தொடுகிறது. 2031-க்கு மட்டும் எந்தத் தயக்கமும் வேண்டாம். தேனி, மதுரை, காரைக்குடி எல்லாமே பாதைக்குள் வருகின்றன. குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடு. வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதால், பேத்திக்கும் சேர்த்துத் தரமான கிரகணக் கண்ணாடி நானே வாங்கி வைத்திருப்பேன்.

அன்புடன்,
உன் நண்பன் ராமநாதன்