இலவசக் கட்டிலும் கூலிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை சீசன் முடிந்து அறைகள் காலியாகும் நாட்களில், கொடைக்கானல் வட்டக்கானலில் விடுதி நடத்தும் எங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, வெளிநாட்டு ஹாஸ்டல்ல வாலண்டியரா போனா தங்குறது ஃப்ரீயாமே, போலாமா?” போகலாம். பெருமாள்மலைப் பிள்ளைகளும் பண்ணைக்காட்டுப் பிள்ளைகளும் உலகம் சுற்றி வர வேண்டும் என்பது எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ரீல்ஸில் வருவது மொட்டைமாடிக் காபியும் கடற்கரையும் மட்டும். விசாவைப் பற்றி அதில் யாரும் பேசுவதில்லை.

வொர்க்அவே, வேர்ல்ட்பேக்கர்ஸ் போன்ற இணையதளங்களில் சந்தா கட்டிச் சேர்ந்தால், ஆள் தேவைப்படும் ஹாஸ்டல்களுக்கு, அதாவது பயணிகள் கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கும் விடுதிகளுக்கு, நேரடியாக எழுதலாம். பெரும்பாலும் வாரம் 20 முதல் 25 மணி நேர வேலை. பதிலுக்கு டார்மிட்டரியில் ஒரு கட்டில், சில இடங்களில் காலைச் சாப்பாடு. சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லையே, அப்புறம் எப்படி அது வேலையாகும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். குடிவரவு அதிகாரி கட்டிலையே கூலியாகத்தான் எண்ணுவார்.

நம் நாட்டு விதியைப் பார்த்தாலே இது விளங்கும். இந்தியாவின் சுற்றுலா விசாவில் ஒரு மாதம் வரை தன்னார்வப் பணி செய்ய அனுமதி உண்டு; ஆனால் அதற்குப் பணமோ வேறு எந்தப் பிரதிபலனோ பெறக் கூடாது. வட்டக்கானலுக்கு வரும் வெளிநாட்டுக்காரரிடம் “ரிசப்ஷனைப் பார்த்துக்கொள், கட்டிலுக்குக் காசு வேண்டாம்” என்று நாங்கள் சொன்னால் அதுவும் மீறல்தான். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தில் விசா விவரத்தையும் பதிகிறோம். நாம் போகும் ஊரிலும் இதே கண்ணோடுதான் நம் பாஸ்போர்ட்டைப் புரட்டுவார்கள்.

தமிழ் பேசியே சமாளிக்கலாம் என்று பலரும் முதலில் நினைப்பது இலங்கை. எல்லவிலும் அறுகம் குடாவிலும் ஹாஸ்டல்கள் நிறைய. ஆனால் அங்கே சுற்றுலா அனுமதியில் போகிறவர் சம்பளத்தோடும் சரி, சம்பளம் இல்லாமலும் சரி, வேலை செய்யக் கூடாது. தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடுகடத்தல், இரண்டு ஆண்டுக்கு வேலை அனுமதி கேட்க முடியாத நிலை. நியூசிலாந்தில் உணவும் தங்குமிடமும்கூட ஆதாயம்தான்; அதற்காக உழைத்தாலே அது வேலை என்று கணக்கு. பிரிட்டன் விசிட்டர் விசாவில் பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கு மட்டும் 30 நாள் வரை உதவலாம். லாபத்துக்கு நடக்கும் ஹாஸ்டல் அதில் சேராது. ‘வெள்ளைக்காரப் பாஸ்போர்ட் என்றால் விட்டுவிடுவார்கள்’ என்பதும் பொய். 2025-ல், தங்கிய வீட்டில் வீட்டுவேலை செய்துகொடுத்த பிரிட்டன் பெண் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போனபோது, எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் அவர் இரண்டரை வாரத்துக்கு மேல் அமெரிக்கத் தடுப்புக்காவலில் இருந்தார். வாட்ஸப்பில் ஹாஸ்டல்காரரோடு பேசிய பேச்சே எல்லையில் சாட்சியாகிவிடும். அதை அழித்துவிட்டு ‘சும்மா சுற்றிப்பார்க்க வந்தேன்’ என்று பொய் சொல்லச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது தெரியவந்தால் அடுத்தடுத்த விசாக்களும் கெடும்.

நேர்வழி இல்லாமல் இல்லை. 18 முதல் 30 வயதுள்ள இந்தியர்களுக்கு இரண்டு கதவுகளாவது திறந்திருக்கின்றன. ஒன்று பிரிட்டனின் யங் புரொஃபஷனல்ஸ் விசா: ஆண்டுக்கு 3,000 இடம், பட்டப்படிப்பு கட்டாயம், இரண்டு ஆண்டு இருக்கலாம். கணக்கில் 2,530 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். விசா கட்டணம் போக, சுகாதாரக் கட்டணமே 1,552 பவுண்ட். இன்னொன்று ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா, பிரிவு 462. 2024 முதல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். இரண்டுக்குமே ஆளைக் குலுக்கலில்தான் எடுக்கிறார்கள். இந்த விசா கையில் இருந்தால் ஹாஸ்டலில் கட்டிலுக்காக மட்டும் உழைக்க வேண்டியதில்லை, சம்பளமே கேட்கலாம்.

ஹாஸ்டல்காரரிடம் ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள். அந்தக் கட்டிலின் வாடகை நாளுக்கு 700 ரூபாய் என்றால் வாரத்துக்கு 4,900. வேலை 20 மணி நேரம் என்றால் மணிக்கு 245 ரூபாய் விழுகிறது. அதையே 35 மணி நேரமாக இழுத்தால் 140. இழுப்பதுதான் வழக்கமான தகராறு. ராத்திரி ஷிஃப்ட் ஆள் வராவிட்டால் அங்கேயே படுத்திருக்கும் வாலண்டியரைத்தான் எழுப்புவார்கள். ஆகவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த ஷிஃப்ட், விடுமுறை எத்தனை நாள், சாப்பாடு உண்டா, தூங்கும் அறை விருந்தினரோடா தனியா, இடையில் கிளம்ப எத்தனை நாள் முன்னே சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டைப் பதிவுக்குக் காட்டலாம், அடகுபோல வைத்துக்கொள்ள விடாதீர்கள். 1967-ம் ஆண்டுச் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. ஒத்துவராவிட்டால் அன்றே வெளியேற, பத்து நாள் வாடகையும் திரும்பும் டிக்கெட் காசும் தொடாமல் இருக்கட்டும்.

வேலையை இங்கேயே பழகிக்கொண்டு போனால் பாதி மரியாதை முதல் நாளே கிடைக்கும். கட்டில் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பை உருவியதும் அடுத்ததை விரித்துவிடக் கூடாது. மெத்தை ஓரத் தையலை விரலால் பிரித்துப் பார்க்க வேண்டும். மிளகுத்தூள்போல் கரும்புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் ஒற்றிப் பாருங்கள். செம்பழுப்பாகத் தீற்றினால் மூட்டைப்பூச்சி. விரிப்பை மார்போடு அணைத்து எடுத்துப்போனால் பூச்சி அடுத்த அறைக்கும் போய்ச் சேரும். கட்டிலருகிலேயே பையில் போட்டுக் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கழிவறை வேலையில் இன்னும் கவனம் தேவை. நம் பக்கம் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவும் பழக்கம் இருக்கிறது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய குளிர்நாட்டுக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் வேலையில் பட்ட காயத்துக்குப் பணம் தர மாட்டார்கள் என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. ‘பாங்காக் ஹாஸ்டலில் வேலை, டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம்’ என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன இந்தியர்களை தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வழியாக எல்லை கடத்தி, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடி நடக்கும் வளாகங்களில் அடைத்தார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்டோரை விமானப்படை விமானத்தில் அழைத்துவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்ட பிள்ளை இருந்தால் வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் உடனே புகார் பதியுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. பிரிட்டன் குலுக்கல் வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஜூலையிலும் இரண்டு நாள் மட்டுமே திறக்கிறது. பெயர் பதியக் கட்டணமும் இல்லை. ஜூலைக் காற்றில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கரண்ட்டும் சிக்னலும் சேர்ந்து போய்விட்டால், அந்த இரண்டு நாளும் தெரியாமலே கடந்துவிடும். தேதி அறிவித்ததும் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு வாரம் முன்பே போடுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கொடைக்கானலுக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கி வந்தாவது பதிந்துவிடுவார்கள்.

விடுதி நடத்துவோர் சிலர்,
வட்டக்கானல், கொடைக்கானல்.