இடுப்பு வலிக்கு யாரிடம் போவது?

அம்மாப்பேட்டை, சேலம்

கண்ணு,

நேற்று அமெரிக்காவிலிருந்து போனில் பேசிக்கொண்டே நீ நாற்காலியை விட்டு எழுந்தபோது 'ஸ்ஸ்' என்று இழுத்தாயே, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. முதுகைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்கிற கைரோபிராக்டரிடம் போகவா, பிசியோதெரபிக்குப் போகவா என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் விவரமாகப் பேச முடியவில்லை.

முதலில் ஒன்று. கால் பலம் குறைந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தப்பினால், இரண்டு பேரிடமும் போகாதே. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடு. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் டாக்டரைப் பார். இவை எதுவும் இல்லையென்றால் பயப்படாதே.

நீ ஹாஸ்டலில் இருந்த சமயம் எனக்கும் இது வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்தவன், சாப்பிட எழப் பார்த்தால் முடியவில்லை. நம் தெருவில் கால் முன்னே பிறந்தவர் ஒருவர் இருந்தார். அவரை முதுகில் மிதிக்கச் சொன்னேன். வலி கேட்கவில்லை. அப்புறம் சுளுக்கு எடுப்பவர். எண்ணெய் தடவி, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே திருப்பு. 'படக்' என்று சத்தம். எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றார். உடம்பே லேசாகிவிட்டது எனக்கு. இரண்டு நாள்தான், தறியில் உட்கார்ந்ததும் பழையபடி வலி. இப்படியே ஐந்து முறை போனேன்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். என்னைப் படுக்கவைக்கவே இல்லை. "தறியில எப்படி உட்காருவீங்க, காட்டுங்க" என்றார். பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து காலை மிதித்துக் காட்டினேன். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்வதைக் கையை வைத்துக் காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும், தினம் காலையில் பத்து தடவை. அந்தப் 'படக்', மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம், எலும்பு இடம் மாறுவதில்லை என்று விளக்கியதும் அவர்தான். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆறாவது வாரம் தண்ணீர்க் குடத்தை நானே தூக்கிவந்து வைத்தேன்.

உங்கள் ஊர் கைரோபிராக்டரை நம் சுளுக்கு எடுப்பவரோடு சேர்த்துப் பேசக் கூடாது. படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள். 1895இல் அயோவாவில் பால்மர் என்பவர் தொடங்கிவைத்த முறை. அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2017இல் கொடுத்த வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் உடற்பயிற்சியும் உண்டு, கையால் திருப்புகிற அந்த வைத்தியமும் உண்டு. 1998இல் 321 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைத் தம்பி எடுத்துக் கொடுத்தான். கைரோபிராக்டரிடம் போனவர்களுக்கும் பிசியோவிடம் போனவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். இடுப்பு வலி பற்றிய சிறு புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களைவிடக் கொஞ்சம்தான் மேல்.

பலன் ஒன்றுதான் என்றால், வீட்டில் நீயே செய்துகொள்ளக் கற்றுத்தருகிறவரிடம் போ என்பேன். நீ நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். அந்த உட்காரலை யாராவது பார்த்துத் திருத்தவேண்டும். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே பிசியோவிடம் போகலாமாம். இன்சூரன்ஸ்காரர்கள் அந்தச் சீட்டைக் கேட்பார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்.

கைரோபிராக்டர்தான் பக்கத்தில் கிடைக்கிறார் என்றால் சரி, போ. ஆனால் கழுத்தைத் திருப்ப விடாதே. அபூர்வம்தான் என்றாலும் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இருபது முப்பது தடவைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. நான் இங்கே பாய் விரித்து இடுப்பைத் தூக்கிக் காட்டுகிறேன், நீயும் கூடவே செய்.

அப்பா