மசக்கை என்று சொல்லி விட்டுவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு உதவும் தொண்டு அமைப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவ முகாம், இலவச ஸ்கேன், பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணிமணி என்று எல்லாம் இருந்தது. வாந்தியில் எழ முடியாமல் கிடக்கும் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. குறை சொல்ல எழுதவில்லை. சில வருஷம் முன்னால் அந்தக் கட்டுரையை நானே எழுதியிருந்தாலும் அந்த வரி இருந்திருக்காது.

நான் மூன்று பெற்றவள். மூன்று தடவையும் மசக்கை உண்டு. காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அதனால் மருமகளுக்கு இரண்டாவது கர்ப்பத்தின் ஆறாவது வாரத்தில் ஆரம்பித்தபோது, "எல்லாருக்கும் வர்றதுதானம்மா, படுத்தே கிடந்தா இன்னும் அதிகமாகும்" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

எட்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் போயிற்று. ஒரு மடக்குத் தண்ணீர் கூட உள்ளே தங்கவில்லை. முதலில் பித்தம், அப்புறம் ரத்தக் கீற்று. எச்சிலையே விழுங்க முடியாமல் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துத் துப்பிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தால் சோப்பு வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 54 கிலோ இருந்தவள் பத்தாவது வாரத்தில் 48 கிலோ. மோதிரம் கழன்று வாளிக்குள் விழுந்தது, நான்தான் கையை விட்டு எடுத்தேன். நான்கு வயதுப் பேரன் தன் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, "வந்தா இதுல எடு, அழாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் ஒரு மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தோம். கர்ப்பம் ஒரு நோயே இல்லை, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தவள்தான்.

நிலைமையைத் திருப்பியது ஒரு போன் அழைப்பு. மருமகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் அக்கா பேசினார். இரண்டு கர்ப்பத்திலும் இதே அவஸ்தையைப் பட்டவராம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அவர் சொல்லவில்லை.

"கடைசியா எப்ப யூரின் போனே?"

மருமகள் யோசித்தாள். "நேத்து மத்தியானம்."

"எழுந்து நின்னா கண்ணை இருட்டுதா?"

"ம்."

"சரி, இப்பவே கிளம்பு. வாந்தின்னு மட்டும் சொல்லாதே. எத்தனை மணி நேரமா யூரின் போகலை, எத்தனை கிலோ குறைஞ்சிருக்கே, இது ரெண்டையும் முதல்ல சொல்லு."

வேறொரு மருத்துவமனையில் அந்த இரண்டு எண்களையும் சொன்னோம். உடனே சேர்த்துக்கொண்டார்கள். சலைன் ஏறியது, வாந்தியைக் கட்டுப்படுத்த மருந்து, கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். நாள்கணக்கில் சாப்பாடு தங்காவிட்டால் உடலில் தயமின் தீர்ந்துபோய் மூளை வரை பாதிக்கலாம், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே அசட்டையாக இருக்கக் கூடாதாம். எங்கள் வீட்டில் பதினொரு பங்கு குறைந்திருந்தது.

ஹைப்பர்எமிசிஸ் கிராவிடாரம் என்பது அதன் பெயர். பிரிட்டன் இளவரசி கேத்தரின் 2012 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்தது இதனால்தான். அவருடைய மூன்று கர்ப்பத்திலும் இது வந்தது. அரண்மனையில் இருப்பவர்களுக்கு மனத்திடம் இல்லாமலா போயிற்று? ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக 2023-இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. கர்ப்பத்துக்கு முன் அது ரத்தத்தில் குறைவாக இருந்து பழகிய உடம்பு, கர்ப்பத்தில் அது திடீரென்று ஏறும்போது தாங்குவதில்லை. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லினா ஃபெய்ஸோ 1999-இல் இதே நோயால் தன் வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தவர். பட்டவர்தான் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

பட்டவர் என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதமே. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் வாந்தி நின்றுவிடவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். ஒரு ராத்திரி மருமகள், "அத்தை, கலைச்சிடலாமா?" என்று கேட்டாள். ஆசைப்பட்டு, காத்திருந்து உண்டான குழந்தை. எனக்கு வாயடைத்துப்போயிற்று. அதையே மறுநாள் போனில் சொன்னபோது அந்த அக்கா பதறவே இல்லை. "நானும் ரெண்டு தடவை கேட்டேன்" என்றார். மருமகள் அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மூன்று பெற்றும் அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது.

பிரிட்டனில் பிரெக்னன்ஸி சிக்னஸ் சப்போர்ட் என்ற தொண்டு நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. உதவி எண் உண்டு. இந்த நோயைக் கடந்துவந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இப்போது அவதிப்படும் பெண்ணோடு ஒருவருக்கு ஒருவராகச் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹெர் ஃபவுண்டேஷன் இருக்கிறது. எங்களுக்கோ அந்தக் குரல் தற்செயலாகக் கிடைத்தது. அந்தத் தோழி அந்த வாரம் லீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாய்மார்களுக்காக உழைக்கும் அமைப்புகளை ஒன்று கேட்கிறேன். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். பட்டவர்கள் பத்துப் பேர், ஒரு போன் எண், எப்போது மருத்துவமனைக்குப் போகச் சொல்வது என்று தெளிவான பயிற்சி. மாத்திரை சொல்லும் வேலை அவர்களுக்கு வேண்டாம். அந்த அக்காவும் சொல்லவில்லை. 1950களின் கடைசியில் மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைட் என்ற மருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைப் பறித்த கதை என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. அந்தப் பயத்தில் டாக்டர் எழுதிய மாத்திரையைக்கூட நான் மறைத்து வைத்தேன். "டாக்டர்கிட்டயே கேட்டுக்கோ, ஆனா பயந்துகிட்டு நிறுத்தாதே" என்று மட்டும் அவர் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொன்று, நன்கொடை கொடுப்பவர்கள் ஆட்டோ செலவையும் கணக்கில் சேருங்கள். சலைன் ஏற்ற எத்தனை தடவை போய் வந்தோம் என்று என் மகன் எண்ணுவதையே விட்டுவிட்டான்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். மருமகள் இப்போது வாரத்தில் இரண்டு சாயங்காலம் முன்பின் தெரியாத பெண்களோடு போனில் பேசுகிறாள். கதவைச் சாத்திக்கொள்வாள், நான் கேட்பதில்லை. எனக்கு அந்த நோய் வந்ததில்லை, அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இப்படி ஒருத்தி மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியும். யாராவது இப்படி ஒரு அமைப்பைத் தொடங்கினால் என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மருமகள் கேட்டுக்கொண்டதால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மாமியார்